முள் தெரியாத மோட்டார்

என் ஆசை அண்ணனுக்கு,

பாகூரில் மழை இன்னும் விடவில்லை. ஏரி நிரம்பி வழிகிறது. கரும்பு சாய்ந்து கிடக்கிறது. உன் மோட்டார் கார் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இனிமேல் அது ஓடாது. ஏன் ஓடாது என்று உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை அண்ணே.

அந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கிற கதை உனக்குத் தெரியும். ஸ்டீரிங்குக்கு முன்னால் இருக்கிற பலகையில், எண்ணெயைக் காட்டுகிற அந்தச் சின்ன முள் பாதிக்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்தி எண்ணெய் ஊற்றணும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகிப்போகும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட இதைத்தானே என்னிடம் சொன்னாய்? பகலில் நான் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டிவிட்டேன். ஆனால் நீ கண்ணை மூடிய பிறகு முள்ளுக்கு மேலே இருக்கிற அந்தக் குட்டி பல்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் பலகை முழுக்க இருட்டு. சாலையில் விழுகிற பெரிய விளக்குகள் இரண்டும் ஜோராக எரியும். எனக்கு வேண்டியது மட்டும் எரியாது.

பல்புதான் போய்விட்டது என்று நினைத்து, பின்பக்கத்துச் சிவப்பு விளக்கின் பல்பைக் கழற்றி அதில் போட்டேன். எரிந்தது. அப்பாடா என்றிருந்தது. கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அணைந்தது. பழைய பல்பையே திரும்பப் போட்டேன், அதுவும் எரிந்தது. அப்போ பல்பில் கோளாறு இல்லை. பல்பு உட்காருகிற குழியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்விட்சிலிருந்து புது ஒயர் இழுத்தேன். பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து ஒவ்வொரு முடிச்சாக இறுக்கினேன். வண்டி நிற்கும்போது எரியும். ஓடும்போது எப்போது அணையும் என்று அதற்கே தெரியாது.

கடைசியில் புதுச்சேரிக்கே கொண்டுபோனேன். மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் போய்வந்தார். போகவும் வரவும் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம்.

"உன் வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா. உனக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சி" என்று சிரித்தார்.

அரியாங்குப்பம் வருவதற்குள் அணைந்துவிட்டது. அவரிடம் திரும்பிப் போய் என்னத்தைக் காட்டுவேன்? அங்கே போனால் எரியுமே.

அதற்கப்புறம் வாடகைக்கு யார் கூப்பிட்டாலும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் பிரசவ வலி பொழுது பார்த்தா வரும்?

நம்ம தனத்துக்கு ஐப்பசியில் வலி கண்டது. உன் மகள் காலையிலிருந்து துடித்தாள். மருமகன் சைகோனில் இருக்கிறான், இந்த உலகச் சண்டையில் கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. சாயங்காலம் மருத்துவச்சி வெளியே வந்து, "கொழந்த குறுக்கால கெடக்குது. என் கையில ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க" என்று சொல்லிவிட்டாள். மழை மேகத்தில் அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது.

தனத்தைப் பின்னால் படுக்க வைத்தோம். மருத்துவச்சி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி அரிக்கேன் விளக்கோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விளக்கைத் தூக்கினால் வெளிச்சம் முன் கண்ணாடியில் அடித்து எனக்குச் சாலையே தெரியவில்லை. அதனால் அண்ணி அதைக் காலடியில் வைத்து, முந்தானையால் மறைத்து, குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"பாதிக்கு மேல இருக்குது தம்பி... இருக்குது... இன்னும் இருக்குது..."

பின்னால் தனம் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே வந்தாள். அண்ணி திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தார்கள். தவளக்குப்பம் நெருங்கும்போது தனத்தின் சத்தம் சட்டென்று நின்றது. கத்தினால்கூடத் தாங்கலாம் அண்ணே, அந்த அமைதியை எப்படித் தாங்குவது? அண்ணி திரும்பிவிட்டார்கள். சீட்டின் மேல் ஏறி, "தனம், கண்ணைத் தொறடி" என்று அவள் கன்னத்தைத் தட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எஞ்சினில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. நான் மிதியிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. டின்னில் எண்ணெய் இருந்தது, ஊற்றவேண்டிய நேரம்தான் தப்பிவிட்டது.

மழையில் ஓடினேன். தவளக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாய் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. தன் குதிரை வண்டியில் ஏற்றியிருந்த அரிசி மூட்டைகளை மழையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தனத்துக்கு மூச்சு இருந்ததே, அது அவர் புண்ணியம்.

தனம் பிழைத்துவிட்டாள் அண்ணே. குழந்தை பிழைக்கவில்லை. பையன். உன் நெற்றி. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா?" என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார். தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே சொல்லவில்லையா?

மாடு கட்டி இழுத்து வண்டியை ஊருக்குக் கொண்டுவந்தோம். போன வாரம் கொட்டகையில் சும்மா ஸ்விட்சைத் திருப்பினேன். பலகை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அடித்தேன், உலுக்கினேன், கதவை அறைந்தேன். அணையவே இல்லை. நான் ஒரு ஒயரையும் தொடவில்லை. பேட்டரி தீர்கிற வரைக்கும் அது எரிய, அந்த முள் பூஜ்யத்தில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காவது புரிகிறதா, என்ன கோளாறு அது?

தனம் இப்போது கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். அண்ணிதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைக் கேட்கிறார்கள்.

"தம்பி, நான் திரும்பாம அந்த முள்ளையே பாத்துனு இருந்திருந்தா கொழந்த பொழச்சிருக்குமா?"

"பெத்தவ திரும்பாம இன்னா பண்ணுவா அண்ணி? அண்ணன் இருந்திருந்தா அவரும் திரும்பித்தான் பாத்திருப்பாரு" என்கிறேன். தலையாட்டுகிறார்கள். மறுநாள் அதையே கேட்கிறார்கள்.

வண்டியை என்னால் சரிபண்ண முடியாது அண்ணே. உன் பேரனைக் கொண்டுவர முடியாது. ஒன்று மட்டும் முடியும். அண்ணி இன்னும் எத்தனை வருஷம் இதையே கேட்டாலும், "எத்தனை தடவைதான் கேப்பீங்க" என்று ஒரு நாளும் சலித்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு தடவையும், அப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி பதில் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
கோவிந்தன்