ஓடைத் திருப்பத்து ஈப்பிடிப்பான்

மார்ச் 4

மூங்கில் புதர்ப் பக்கத்துக் கூடும் போய்விட்டது. நேற்று மூன்று குஞ்சுகள், கண் திறக்காதவை. இன்று அந்தச் சின்னக் கிண்ணம் ஒரு பக்கம் கிழிந்து, அதைப் பிணைத்திருந்த சிலந்தி நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டை ஈப்பிடிப்பான் அலகில் ஒரு ஈயை வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. யாருக்கு ஊட்ட? கடைசியில் தானே விழுங்கிவிட்டது.

"அக்கா, இந்த வருஷத்துல இது நாலாவது" என்றான் தம்பி. எனக்கு எண்ணத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான். கேமராவைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே அட்டைக்கடி வாங்குகிறான்.

மார்ச் 6

வனத்துறை அதிகாரி போன் செய்தார். ஓடைக்கரைக் காட்டை வெட்டிச் சாலையை அகலப்படுத்தலாமா, விட்டுவிடலாமா என்று மாதக் கடைசியில் முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். "உங்க அறிக்கையத்தான்மா படிக்கிறேன். மூணு வருஷமா ஒரு கூடும் தேறலன்னு நீங்களே எழுதுறீங்க. குஞ்சே பொழைக்காத காட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ண? மேல மலையில வேற காடு இருக்கே, அங்க போகட்டும்."

அங்கே போகாதே இது! ஓடைக்கு மேலே பறக்கிற பூச்சிதான் இதற்குச் சோறு. கிளையில் உட்கார்ந்திருக்கும், சட்டென்று எழும்பி அந்தரத்திலேயே அலகால் ஒரு 'டக்', திரும்பவும் அதே கிளை. நிழலும் தண்ணீரும் பூச்சியும் ஒன்றாக இல்லாத இடத்தில் இது ஒரு நாள்கூடத் தங்காது. இதையெல்லாம் அவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இல்ல சார், வந்து சார்" என்று உளறிக்கொட்டிப் போனை வைத்துவிட்டேன். வெட்கக்கேடு.

மார்ச் 9

கிடைத்தது! ஓடைத் திருப்பத்தில், தண்ணீருக்கு மேலே சாய்ந்த மெல்லிய கிளையில் ஒரு கூடு. ஆண் அடைகாக்கிறது. தன் உடம்பைவிட நீளமான அந்த வெள்ளை வாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூட்டுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. "கொக்கியில துண்ட மாட்டின மாதிரி இருக்கு" என்றான் தம்பி. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

வழக்கம்போலச் சிவப்பு ரிப்பன் கட்டினோம். கூடு இருக்கிற கிளையில் கட்ட மாட்டோம். கொஞ்சம் முன்னால் ஒரு செடியில் கட்டுவோம். அங்கே நின்று வலப்பக்கம் பார்த்தால் கூடு. எல்லாக் கூட்டுக்கும் இதே முறைதான். கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம்.

மார்ச் 11

அம்மா போனில்: "குருவிக்குக் குஞ்சு தங்கலன்னு நீ ஏன்டி சாப்பிடாம கெடக்குற?"

மார்ச் 17

பொரித்துவிட்டன. மூன்று வாய். பெட்டையும் ஆணும் மாறி மாறிக் கொசு அளவுப் பூச்சியாகக் கொண்டுவருகின்றன. இனி பன்னிரண்டு, பதின்மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதும், பறந்துவிடும். அதுவரை எனக்குத் தூக்கம் ஏது?

மார்ச் 19

கையெழுத்து என்னுடையதுதானா இது.

நேற்றைய மழையில் ஒற்றையடிப் பாதை ஓரிடத்தில் சரிந்திருந்தது. தம்பி காலை வைத்துவிடப் போகிறானே என்று அங்கே ஒரு ரிப்பன் கட்டினேன். அங்கே கூடு எதுவும் இல்லை, வெறும் எச்சரிக்கைக்குத்தான். திரும்பி வந்து பாறை மறைவில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வால்காக்கை வந்தது, கூடு தேடிக் குஞ்சும் முட்டையும் தின்கிற பறவை. நேராக ரிப்பன் கட்டிய செடியில் உட்கார்ந்தது. வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்துப் புதரில் கிளை கிளையாக, இலை இலையாகத் தேடியது. ஒன்றும் இல்லை. மறுபடி ரிப்பனிடம் வந்து, மறுபடி வலப்பக்கம் போனது. சாவியைத் தொலைத்தவர்கள் அதே பையை இரண்டாம் முறை உதறிப் பார்ப்பார்களே, அப்படி.

மூங்கில் புதர்க் கூடு, அதற்கு முந்தியவை, போன வருஷத்துக் கூடுகள்… ஐயோ. பாம்பு என்று எழுதினேன், அணில் என்று எழுதினேன். நாங்களா? நாங்களேவா?

தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் விலாசம் எழுதி மாட்டியிருக்கோம்க்கா."

ஓடினோம். திருப்பத்து ரிப்பன் அப்படியே இருந்தது, குஞ்சுகளும் இருந்தன. இத்தனை நாள் வால்காக்கை கண்ணில் அது படாமல் போனது எங்கள் சாமர்த்தியம் இல்லை. அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

மார்ச் 20

வால்காக்கை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கும் எங்கேயாவது வாய் பிளந்த குஞ்சுகள் இருக்கும்.

தம்பி யோசனை: ஓடைக்கு அந்தப் பக்கம், கூடே இல்லாத சரிவில், ரிப்பன்களைக் கட்டிவிடலாம், தேடிக்கொண்டே கிடக்கட்டும். செய்தோம். ஆனால் ரிப்பனை மட்டும்தான் அது கற்றதா, எங்களையும் கற்றுக்கொண்டதா? நாங்கள் நிற்கிற இடத்தில் கூடு உண்டு என்று அதற்குத் தெரிந்திருந்தால்? ஆகவே இனிமேல் திருப்பத்துக்கே போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பார்க்காமல் இருந்தால் குஞ்சு பிழைக்கும். பார்க்காமல் இருந்தால் பிழைத்ததற்குச் சாட்சி கிடையாது. நல்ல வேலை தேர்ந்தெடுத்தாய், போ.

மார்ச் 22

போகவில்லை.

மார்ச் 23

பாதிவழி போய்த் திரும்பினேன். புத்தி கெட்டவள்.

மார்ச் 24

நாளை அதிகாரி வருகிறார். கூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். தம்பிக்கும் எனக்கும் சண்டை.

"காட்டிட்டா காடு பொழச்சிடும்க்கா. ஒரு கூடு போனா போகட்டும்."

"அந்த ஒண்ணும் போச்சுன்னா அவர் எழுதப்போறது என்ன? 'அதுவும் தேறல'ன்னுதானே?"

"அப்ப ரிப்பன் கதையச் சொல்லப்போறியா? சொன்னா உன் மூணு வருஷ வேலையும் குப்பைக்குப் போகும். எவன் உனக்கு மறுபடி அனுமதி தருவான்?"

பாத்திரம் கழுவப் போனேன். ஒரு தட்டு உடைந்தது.

மார்ச் 25

வந்தார். புது பூட்ஸ், கழுத்தில் தொலைநோக்கி. "எங்கம்மா கூடு?"

"காட்ட மாட்டேன் சார்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "அஞ்சு மணி நேரம் வண்டியில குலுங்கி வந்திருக்கேன். வெளையாடுறீங்களா?"

கூட்டை விட்டு நெடுந்தூரம் தள்ளி, சரிந்த பாதைக்கு அழைத்துப் போனேன். ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டுப் பாறை மறைவில் மூவரும் குந்தினோம். வால்காக்கை வருமா? ரிப்பனை நம்பி ஏமாந்து இதற்குள் விட்டுத் தொலைத்திருந்தால்? அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை எழுந்தும்விட்டார். தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான், அதிகாரியின் சட்டையை!

வந்தது. ரிப்பனில் உட்கார்ந்து, வலப்பக்கம் பார்த்து, புதருக்குள் புகுந்தது.

அவர் தொலைநோக்கியை இறக்கினார். நானே சொன்னேன்: "காட்டுமேல தப்பில்ல சார். குஞ்சுங்கள நாங்கதான் காட்டிக் குடுத்தோம். என் அறிக்கையில பாம்பு, அணில்னு எழுதினது எல்லாம் தப்பு."

"எழுத்துல தருவீங்களா?"

தந்தேன். கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன், அவர் முன்னாலேயே. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மார்ச் 31

உத்தரவு வந்துவிட்டது. சாலை வேறு பக்கம் போகிறது. தம்பி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்; இடுப்பு பிடித்துக்கொண்டது. இறக்கிவிட்ட பிறகுதான் இரண்டாவது பத்தியைப் படித்தான்.

ஓடைக்கரைக் காடு முழுவதும் மூடப்படுகிறது. ஆய்வாளர்கள் உட்பட எவருக்கும் அனுமதி இல்லை.

"உன் கடிதத்த வச்சே உன்ன வெளிய தள்ளிட்டாருக்கா" என்றான். ஆமாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வயிறு எரிகிறது.

ஏப்ரல் 3

வீட்டைக் காலி செய்தோம். திருப்பத்துக் குஞ்சுகள் இந்நேரம் பறந்திருக்க வேண்டும். அல்லது இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாமலே நான் சாகவும் கூடும்.

ஏப்ரல் 14

மழைமானியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பஸ் பிடித்து வந்தேன். காட்டு முகப்பில் புதுக் கதவு, பூட்டு, ஒரு காவலாளி. என்னை அவருக்குத் தெரியாது.

"உள்ள போக முடியாதும்மா. யாரா இருந்தாலும்."

"தெரியும். இதக் குடுக்கத்தான் வந்தேன்."

வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தார். ஆள் பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தார் போல. சம்பளம் லேட்டாக வருவது, செல்போன் எடுக்காதது, கொசு, எல்லாம் சொன்னார். "கொசு போதாதுன்னு இந்தக் குருவிங்க வேற. வெள்ள வால் ஒண்ணு நீளமா. அதுக்குப் பின்னாடி மொட்டை வாலா சின்னதுங்க, விடிஞ்சதுலேர்ந்து சோத்துக்குக் கத்திக்கிட்டே திரியுதுங்க. காது ரெண்டும் போச்சு."

"சின்னது எத்தன?"

"அத எண்ணிக்கிட்டிருக்கவா என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க?"

கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே எங்கேயோ ஒரு 'டக்' கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது. காவலாளி எழுந்து வந்தார்.

"ரொம்ப நேரம் இங்க நிக்கக் கூடாதும்மா."

"இல்லண்ணே, நிக்கல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.