யாருடைய அனாக்?

சாந்தியின் அடையாள அட்டைக்கான விண்ணப்பப் பாரம் மேசைமேல் கிடக்கிறது. 'அனாக்' என்று மலாயில் அச்சடித்த இடத்தில் இரண்டு கட்டங்கள்: கண்டோங், அங்காட். வயிற்றில் சுமந்த பிள்ளையா, தூக்கி வளர்த்த பிள்ளையா என்று கேட்கிறார்கள். நான் எதில் கோடு போட, சொல்லேன்.

இந்தச் சொற்களின் வேரும் கிளையும் நீ காட்டியவை. இந்தோனேசியாவிலிருந்து இந்த மலேசிய மலைத்தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க வந்து என் பக்கத்து நிரையில் நின்றாய். எங்களிடம் பழகிய தமிழில், "அனாக்னா புள்ள, அக்கா. எங்க ஊர்லயும் அதான், இங்கயும் அதான். பிலிப்பைன்ஸ்காரனுக்கும் அதான்லா" என்பாய். மூன்று நாட்டுக்கும் ஒரே பழைய வேராம். மலைச்சரிவில் வெட்டிய படியைக் காட்டி 'அனாக் தங்கா' என்றாய். சாவிக்கு 'அனாக் குஞ்சி', பூட்டு அதன் அம்மா.

"படிக்கும் சாவிக்கும் புள்ளன்னா பேரு?" என்று நான் சிரித்தேன். ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீயும் சிரித்தாய்.

'பெரானாக்' என்றால் பிள்ளை பெறுவது என்றும் நீதான் சொன்னாய். 'பெரானாக்கான்' என்றால் கருப்பை என்பதை மட்டும் நீ பிள்ளை பெற்ற காலையில் ஆஸ்பத்திரி நர்ஸிடம் தெரிந்துகொண்டேன். ரத்தம் நிற்கவில்லை என்றாள். என் விரலைப் பிடித்து, "சாந்தின்னு வைங்க அக்கா. நம்ம ரெண்டு பேர் ஊர்லயும் உள்ள பேரு" என்றாய். மத்தியானம் நீ இல்லை. தொட்டிலிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு நான் என் லயத்து வீட்டுக்கு வந்தேன்.

பன்னிரண்டு வருஷமாயிற்று. பிறப்புப் பத்திரத்தில் அவள் இந்நாட்டுக் குடிமகள் அல்ல என்று இருக்கிறது. நேற்று மலைக்குக் கீழே டவுன் அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். கவுண்டரில் நம் தமிழ்ப்பெண் ஒருத்தி.

"பெத்தவங்க பாஸ்போர்ட் இருக்கா, அக்கா?"

"வேலைக்குக் கூட்டியாந்த ஏஜெண்டுகிட்ட இருந்துச்சு. அவன் எங்கயோ போய்ட்டான்மா."

"ஊர் பேராவது சொல்லுங்க. அது தெரியாம நாங்க யார்கிட்ட கேக்கறது?"

ஒரு சொல்லுக்கு எத்தனை கிளை என்று உன்னைக் குடைந்து குடைந்து கேட்டவள், உன் ஊர் எதென்று ஒருநாளும் கேட்கவில்லையே! பாவி நான். கனவிலாவது ஒரு தடவை வந்து அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போ. நான் வேறு யாரைக் கேட்பேன்?

திரும்பும் பஸ்ஸில் சாந்தி மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அவங்க எப்படி இருப்பாங்க?"

உன் சுருட்டை முடியைச் சொன்னேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே நீ சோறு தின்பதை, அட்டை கடித்தால் அதையே திட்டுவதைச் சொன்னேன். தெரிந்ததெல்லாம் மலையேறும் வழியில் ரிங்லெட் ஊர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.