முதல் தண்ணி

கட்ச் கடலோரம்
1939 மாசி

அப்பாவுக்கு, உங்க மகன் மாதையன் காலைத் தொட்டு எழுதறதுங்க. முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஒரு கூத்து நடந்துச்சுங்க. கடலுக்கும் கரைக்கும் அடியில பூமி பிளந்து, நடுப்பக்கம் சரிஞ்சு பள்ளமா கெடக்குதாம். அதுல காலகாலமா சேறு படிஞ்சு, அழுத்தத்துல எண்ணெய் ஊறியிருக்கும்னு எங்க துரை கணக்குப் போட்டாரு. வருஷம் பூரா கரையில துளை போட்டோம். போன வாரம் குழாயில தண்ணி பீறிட்டு வந்துச்சு. நான் நம்மூரு நெனப்புல "ஊத்து கண்டுட்டோம்!"னு கத்திட்டேன். கெணறு வெட்டினவங்க தலையில மொதத் தண்ணிய ஊத்துவோமே, அதே மாதிரி ஒரு வாளி மொண்டு துரை தலையில ஊத்திட்டேன். அவரு திட்டலைங்க. நனைஞ்ச தலையோட அப்படியே உக்காந்துட்டாரு. எண்ணெய் இருக்கவேண்டிய எடத்துல தண்ணி வந்தா அங்க எண்ணெய் இல்லைன்னு அர்த்தமாம். நக்கிப் பாத்தேன், ஒரே உப்பு. எல்லாரும் சிரிச்சாங்க, நானுந்தான்.

யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் கேவுரு மாவு குடுத்தனுப்புங்க. ஆத்தா செத்த சேதி வந்ததிலிருந்து களி நெனப்பாவே இருக்குது. அவ பழைய சேலையில ஒரு துண்டும் வெச்சு விடுங்க, தலைக்குக் கட்டிக்க.

தபால் கொண்டுபோற லாரிக்காரன் கூப்புடறான். ஒண்ணே ஒண்ணுங்க. நம்ம கெணறு பாறையில நிக்குதுன்னு வெட்டறதை விட்டுடாதீங்க. ஊத்து கண்டா, நானும் வெட்டினவன்னு மொதத் தண்ணிய எனக்குன்னு எடுத்து வெக்காதீங்க. காலம் பூரா தண்ணிக்குக் குடம் சுமந்தே ஓஞ்சவ ஆத்தா. அவளைப் பொதைச்ச எடத்துல, தலைமாட்டுப் பக்கமா ஊத்துங்க.

மாதையன்