சக்கரம் வைத்த சுவர்

அடியே, வீடெல்லாம் இழைத்த மரத்தின் வாசனை! இன்று காலை உன் சுவர் வந்து இறங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் ஓடி வந்திருப்பாய்.

வரிச்சிக்குடியில் தனியாக இருந்த என் மாமியாரைக் கோவில்பத்துக்கு அழைத்துவருவதென்று முடிவானபோது எங்களிடம் கூடுதலாக இருந்தது ஒரே அறை. அதில் நான் சேலைக்கு அச்சு போடும் பன்னிரண்டடி மேசை. "மேசைய எடுத்துடலாம், வேற வழியில்ல" என்றார் என் வீட்டுக்காரர். உன் முன்னால்தான் அழுதேன். இன்ஜினியர் ஆபீசில் நாளெல்லாம் பிளான் வரைகிறவள் நீ. மூக்கைத் துடைக்கச் சொல்லிவிட்டு டேப்பை இழுத்தாய்.

"பகல்ல அத்தை எங்கடி இருப்பாங்க?"

"வாசல்ல, போறவங்க வர்றவங்களோட பேசிக்கிட்டு."

"ராத்திரி நீ அச்சு போடுவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்குடி ரெண்டு ரூமு? இருக்கறத வேளை பிரிச்சுக்குங்க!"

அப்படிப் பிறந்ததுதான் நகரும் மரச்சுவர். மேலே இரும்புத் தண்டவாளம், கீழே சக்கரம். பகலில் ஓரமாகத் தள்ளினால் மேசை முழு நீளத்துக்கு விரியும். சாயங்காலம் மேசையைப் பாதியாக மடித்துச் சுவரை இழுத்தால் அத்தைக்கு அறை. பிளானில் அந்த இடத்துக்கு மட்டும் நீ பெயர் எழுதவில்லை. "பேரு வச்சா அதுவாவே நின்னுடும்" என்றாய்.

அடுத்த மாதமே காய்ச்சலென்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிளானைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டேன். அத்தை வரும் நாள் நெருங்கியபிறகுதான் எடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன்.

இன்று மாட்டுகிற நேரத்தில் ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "அக்கா, இது கதவா, சுவரா? கதவுன்னா நல்ல நேரம் பாத்து மஞ்ச குங்குமம் வைக்கணும். சுவருன்னா இப்பவே மாட்டிருவேன்."

நல்ல நேரம் பார்க்கப் போனால், அரை மனதாகச் சம்மதித்த வீட்டுக்காரர் மனம் மாறிவிடும். நேற்றே வந்துவிட்ட அத்தைதான் குங்குமச் சிமிழோடு வந்தார்கள். "பாதி நேரம் கதவு, பாதி நேரம் சுவரு. பொட்ட வச்சு இப்பவே மாட்டுங்க தம்பி."

மாட்டியதும் அத்தை இடக்கையால் தள்ளினார்கள். சரசரவென்று ஓடியது! மேசையை விரித்தேன். "இதையா எடுக்கச் சொன்னான் எம்புள்ள?"

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், பகலில் இந்த அறையில் யார் இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். உன் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் கத்திவிட்டேன், "ஓடுதுடி! உன் சுவரு ஓடுதுடி!"

"யார்ட்ட சொல்ற?" என்றார்கள் அத்தை.

"இத வரைஞ்சவகிட்ட."

"அப்ப இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சொன்னேன்.