வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவது என் வழக்கம், இந்தமுறை அப்படித் தாண்டிப்போக மனம் வரவில்லை, சுகமாயிருக்கிறாயா கண்ணு என்று கேட்டே தொடங்குகிறேன். நீ என் போனை எடுத்து நாலு மாதம் ஆகிறது. அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, பின் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, இனி உன் கட்டிலில் சாரல் அடிக்காது.

நீயும் மாப்பிள்ளையும் தனித்தனி வீட்டில் இருப்பதை என்னிடம் மட்டும் சொன்னாய், யாருக்கும் தெரிய வேண்டாம்மா என்றாய், சரி என்றேன். மூன்றாம் நாளே பெண்கள் ஜெபக் கூட்டத்தில், என் மகள் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். கூட்டம் நடத்தும் அக்கா, விவரமா சொன்னாத்தானே விவரமா ஜெபிக்க முடியும் என்று நோட்டை விரித்தார். ஏழு பேர் பேனாவும் கையுமாக என்னையே பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன், அவர்களும் அழுதார்கள், நெஞ்சு லேசானது, அதையே சமாதானம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அவர்களில் ஒருத்தியின் தங்கை உன் ஊரிலேயே இருக்கிறாள் என்பதும், உனக்குப் போன் போட்டு ஆறுதல் சொன்னாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய், அதற்குப் பின் ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் இருபது வருஷமாக நிற்கிறேன், எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பெற்ற மகளின் விஷயத்தை மட்டும் ஜெபம் என்ற பெயரில் ஊருக்கு ஒப்பித்துவிட்டேன். நீ பண்ற ஜெபம் பரலோகத்துக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்துத் தெருவுக்குப் போயிடுது என்றார் அப்பா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது காலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மருந்து அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறேன். முதலில் தலைவலிக்கு மாத்திரை தேடுவதுபோல உன் பிரச்சினைக்கு வசனம் தேடினேன், எதுவும் ஒட்டவில்லை. பிறகு தேடுவதை விட்டு, சங்கீதங்களை, அந்த ஜெபப் பாட்டுகளை, முதலிலிருந்து சத்தமாக வாசித்துவருகிறேன். அதில் எத்தனை பேர் அழுது, கோபப்பட்டு, நேராக ஆண்டவரிடமே முறையிடுகிறார்கள், நடுவே ஆள் வைக்கவில்லை. எனக்கு மட்டும் ஏழு பேர் தேவைப்பட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒரு துதிப் பாட்டு, என் குரல்தான் உனக்குத் தெரியுமே, எதிர்க்கடைத் தையல்காரர் தன் ரேடியோவைக் கூட்டிவைக்கிறார். எதையும் கேட்காமல், நீ பிறந்ததற்கு, முதன்முதலாக என்னை எதிர்த்துப் பேசியதற்கு, என்னிடம் ஒரு ரகசியத்தை நம்பிச் சொன்னதற்கு என்று நன்றி மட்டும் சொல்கிறேன். கடைசியதை மட்டும் இரண்டு தடவை சொல்கிறேன். கவலை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனாலும் அதை யாரிடமாவது கொட்டத் தோன்றுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டத்துக்குப் போனேன். மகள் காரியம் என்னாச்சு, பதில் கிடைச்சுதா என்று அக்கா கேட்டார். அதை அடிச்சிடுங்க அக்கா, அது அவளோடது, அவ சொல்லாம நான் சொல்லியிருக்கவே கூடாது என்றேன். அப்ப என்ன எழுதட்டும் என்றார். என் நாக்குக்காக ஜெபியுங்க என்றேன். யாரும் சிரிக்கவில்லை, ஒருத்தி மட்டும் தன் நோட்டில் பழைய பக்கத்தைத் தேடி அடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

மன்னித்துவிடு மகளே. மாப்பிள்ளையைப் பற்றி நான் இனி கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, தனியாக இருக்கும் அறையிலும் உன்னோடு இருப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இந்தக் கடிதத்தை அப்பாவுக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை.

உன் அம்மா