புனலை எடுத்தேனா?

பிப்ரவரி 6, வியாழன்

வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்து காலாப்பட்டு பஸ்ஸில் வரும்போதுதான் கூடப் படிக்கும் ஸ்டெல்லா கேட்டாள்: “பியூரெட்ல ஊத்துனதும் மேல இருந்த புனல எடுத்துட்டியாடி?”

“எடுத்துட்டேன்” என்றேன். உண்மையில் நினைவே இல்லை. புனலில் தங்கிய சொட்டு பிறகு அந்த அளவுக் குழாய்க்குள் விழுந்தால் அளவு தப்பிவிடும். மிஸ் வருஷம் முழுக்கக் கத்தியது இதைத்தான். கரைசல் இளஞ்சிவப்பானது நினைவிருக்கிறது. வெளியிலிருந்து தேர்வாளராக வந்த சார் என் முதுகுக்குப் பின்னால் நின்றது நினைவிருக்கிறது. என் கை புனலுக்குப் போனது மட்டும் நினைவில் இல்லை. பழக்கத்தில் எடுத்திருப்பேன் என்றுதான் இவ்வளவு நேரம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுகிறாள்: “எண்ணெய ஊத்திட்டுப் புனல பாட்டில்லயே வுட்டுட்டுப் போயிருக்கியே, எப்பவும் இதே வேலதானா ஒனக்கு?”