வெறும் கொக்கி

கருவடிக்குப்பம்,
3.6.2007

கலாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் அண்ணன் வீட்டுக்கு வந்தால், கதவுக்குப் பின்னால் நின்று "இல்லன்னு சொல்லிடுங்க" என்று நீ சொல்வது எனக்கே கேட்கிறது. அதனால்தான் தபால்காரரைப் பிடித்திருக்கிறேன்.

மில்லை மூடியபிறகு தொழிற்பேட்டையில் ஃபிட்டராக மாரடித்துக்கொண்டே, ஒரு மனிதன் காயலாங்கடை டேங்கை வெட்டி ஒட்டி, லாரி பேட்டரி வைத்து, தண்ணீருக்குள் போய்வரும் கப்பலைத் தன் வீட்டுப் பின்கட்டிலேயே செய்து முடிக்கிறான். ஆறு வருஷ உழைப்பு. அது குவாரித் தண்ணீரில் மூழ்கி, மேலேயும் வந்துவிட்டது. 'கப்பல்காரன்' என்று இத்தனை நாள் என்னைக் கேலி செய்த எதிர்வீட்டு தெய்வசிகாமணி மாலையோடு வந்தார். கட்டிய பெண்டாட்டி மட்டும் மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு பாகூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

என்ன கோபம்? துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தேனே, அதுவா? வெல்டிங் சத்தத்தில் உன் சீரியல் கேட்கவில்லையே, அதுவா? இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அபிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வீம்பு போதும், வந்து சேர்.

வெற்றிச்செல்வன்


பாகூர்,
9.6.2007

அபி அப்பாவுக்கு,

கொடிக்காகவும் சீரியலுக்காகவும் வீட்டை விட்டு வந்தவள் என்று என்னை நினைக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

மறந்துபோயிருந்தால் நானே சொல்கிறேன். திருவக்கரைப் பக்கம் கைவிட்ட கல்குவாரி. கப்பலின் முதுகில் கொக்கியை மாட்டி, கயிற்றை டிராக்டரில் கட்டினீர்கள். நடுவில் கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். பத்து நிமிடத்தில் நீங்கள் வராவிட்டால் நான் கை காட்டவேண்டும், டிராக்டர்காரர் இழுக்கவேண்டும். கயிறு பாறையில் சிக்கிக்கொண்டால் கொக்கியைக் கழற்றிவிட உள்ளே ஒரு கைப்பிடி வைத்திருந்தீர்கள். அது தெரிந்ததால்தான், மூடியைச் சாத்தும் முன் ஒன்றே ஒன்று சொன்னேன். "கவுத்த மட்டும் கழட்டிடாதீங்க." நீங்கள் சிரித்தீர்கள்.

நேரம் ஆயிற்று. கை காட்டினேன். கயிறு லேசாக வந்தது. முனையில் வெறும் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.

நீச்சல் தெரியாத நான் அந்தத் தண்ணீரில் இறங்கினேன். கழுத்தளவு போனதும் டிராக்டர்காரர் முடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். அபியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீங்கள் எதிர்க்கரையில் முளைத்தீர்கள். மூடியைத் திறந்து, ஈரப்புடவையோடு கிடந்த என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இன்னா கலா, நீயும் எறங்கிட்டியா?"

கயிறு எந்தப் பாறையில் சிக்கியது? அதைச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அபி அம்மா


கருவடிக்குப்பம்,
20.6.2007

அன்புள்ள கலாவுக்கு,

சிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கயிறு தீர்ந்துவிட்டது, அடி இன்னும் கொஞ்சம் கீழே இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் பச்சை. வெட்டிப்போட்ட கருங்கற்கள் அப்படியே கிடந்தன. இதைப் பார்க்கத்தானே ஆறு வருஷம் பாடுபட்டேன். கை தானாகப் போய்விட்டது. உன்னை நினைக்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதே. மேலே நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் கழற்றினேன்.

அதற்காக ஒருவனை இப்படிச் சந்தி சிரிக்க வைப்பதா? "வூட்டுக்காரம்மா எங்க" என்று கேட்காதவர்கள் தெருவில் பாக்கி இல்லை. கடைச் சோறு தின்று வயிறு கெட்டுவிட்டது. எனக்கும் கோபம் வரும் கலா.

வீராம்பட்டினத்தில் ஆடித் தேர் முடிந்ததும் கடலில் இறக்கப்போகிறேன். மீன்பிடிக்கும் அம்மாவாசை தன் ஃபைபர் படகைத் தருகிறார். அதில் உட்கார்ந்து கயிற்றை நீதான் பிடிக்கவேண்டும். உன்னைவிட்டால் நான் யாரை நம்புவேன்?

உன் வெற்றி


பாகூர்,
2.7.2007

அபி அப்பாவுக்கு,

நான் பிடிக்க மாட்டேன். இங்கே கிணற்றில் வாளி லேசாக வந்தாலே கயிற்றை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறேன்.

கடலுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்பேனரை எடு, போல்ட்டை எடு என்றபோதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தவள் நான். உங்கள் கப்பலோடு எனக்குச் சண்டை இல்லை. உங்களோடுதான்.

கயிற்றை அம்மாவாசையிடம் கொடுங்கள். அந்தக் கைப்பிடியைத் தொடாமல் ஒருமுறை போய்விட்டு மேலே வந்து காட்டுங்கள். அபியும் அதைத்தான் கேட்கிறாள். அதன்பிறகு நான் வருவதைப் பற்றிப் பேசலாம்.

அபி அம்மா


கருவடிக்குப்பம்,
28.8.2007

அன்புள்ள கலாவுக்கு,

தொடவில்லை. கைப்பிடியைத் தொடவே இல்லை.

முகத்துவாரத்தைத் தாண்டி இறக்கினோம். கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மீன். கீழே மணல் தெரிகிறது, ஓர் ஆள் உயரம்தான் பாக்கி, கயிறு தீர்ந்துவிட்டது. குவாரியில் இருந்த அதே நிலைமை. கை துறுதுறுத்தது. பேசாமல் மடியில் வைத்துக்கொண்டேன். சொன்ன நேரத்தில் கயிற்றை இழுத்தார்கள், நல்ல பிள்ளையாக மேலே வந்துவிட்டேன்.

அம்மாவாசை லேசுப்பட்ட ஆளில்லை. இறங்கும் முன்பே சொல்லிவிட்டார்: "கவுறு வெறுமன வந்துச்சுன்னா நான் நிக்க மாட்டேன் வெற்றி. எம்பாட்டுக்கு கரைக்குப் போய்க்கினே இருப்பேன்." அந்த மனுஷன் சொன்னால் செய்வார். பேட்டரி தீர்ந்து கடலில் மிதந்தால் யார் வந்து இழுப்பது? நான் கைப்பிடிப் பக்கமே திரும்பவில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி நீதான் வரவேண்டும். ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பின்கட்டில் கொடியைத் திரும்பக் கட்டிவிட்டேன்.

உன் வெற்றி


பாகூர்,
31.8.2007

வெற்றிச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் சந்தோஷமாகத்தான் படித்தேன். அபிக்கும் படித்துக் காட்டினேன். அவள் அப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள். துணிகளை மடித்து முடித்தபின் இரண்டாம் தடவை படித்தேன். மடித்ததையெல்லாம் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

அதே கப்பல், அதே கைப்பிடி, அதே ஆசை. கயிற்றின் இந்த முனையில் இருந்த ஆள்தான் வேறு. அவர் போய்விடுவார் என்று பயந்தீர்கள், அதனால் கழற்றவில்லை. நான் எங்கே போய்விடப்போகிறேன் என்று இருந்தீர்கள், அதனால் கழற்றினீர்கள். மேலே நான் இருக்கும் தைரியம் என்று எழுதியிருந்தீர்களே, அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. பதினைந்து வருஷமாக அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் சொன்னபோது சிரித்தீர்கள். அவர் சொன்னபோது கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். அவர் சொன்னதை அன்றைக்கே நானும் சொல்லியிருந்தால் என் பேச்சும் காதில் ஏறியிருக்கும். பரவாயில்லை, இப்போது சொல்கிறேன். அன்று கயிறு வெறுமனே வந்தது. நான் கரைக்கு வந்துவிட்டேன்.

இதை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அபியின் சைக்கிளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்கவேண்டாம்.

சந்திரகலா